கேம்பிரிட்ஜ் கடைத்தெருவில் இங்கிலீஷ் வியாபாரம்

"இங்கிலீஷ் பிறந்த நாட்டுக்கே போய் இங்கிலீஷ் படியுங்கள்! மூன்றே மாதத்தில் சரளமாகப் பேசலாம்! பிறகு உலகமே உங்கள் கையில்!"

இந்தத் தோரணையில் விளம்பரங்கள் வருகின்றன. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒட்டுகிறார்கள். பிள்ளைகளின் கைபேசிக்கும் அனுப்புகிறார்கள். படத்தில் ஒரு பழைய கோபுரம். கோபுரத்தின் காலடியில் ஓர் ஆறு. ஆற்றில் படகு. படகில் சிரித்துக்கொண்டு நாலைந்து இளைஞர்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு பெயர்: கேம்பிரிட்ஜ்!

பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பும் தகப்பன் அந்தப் படத்தைப் பார்க்கிறான். மேனேஜர் இங்கிலீஷில் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த நாள் அவன் நினைவுக்கு வருகிறது. "என் பிள்ளையாவது யார் முன்னாலும் வாயடைத்து நிற்கக் கூடாது" என்று நினைக்கிறான். நடவு வயலில் குனிந்த முதுகோடு நிற்கும் தாயும் அதையேதான் நினைக்கிறாள்.

இந்த ஆசையில் தப்பில்லை. நூற்றுக்கு நூறு நியாயமான ஆசை. ஆனால் தோழர்களே, ஏழையின் நியாயமான ஆசை எங்கே இருக்கிறதோ, அங்கே அதை விலை பேச ஒரு வியாபாரியும் வந்து உட்கார்ந்துவிடுகிறான். இங்கிலீஷ் என்ற சரக்கு எப்படி விற்கப்படுகிறது? விலை என்ன? லாபம் எந்தப் பெட்டிக்குப் போகிறது? காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயர் ஒன்று, கடை வேறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1209-ல் தோன்றியது. அதில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. நியூட்டன் படித்த இடம், டார்வின் படித்த இடம். அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஊரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுத்தரும் மொழிப் பள்ளிகள் வேறு, பல்கலைக்கழகம் வேறு. மதுரையில் கடை வைத்தவன் எல்லாம் மீனாட்சியம்மன் கோயில் தர்மகர்த்தா ஆகிவிட மாட்டான் அல்லவா? அதைப் போலத்தான். ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வது எளிது. கோபுரத்தைப் படம் பிடிக்கவும் காசு இல்லை. மொழிப் பள்ளியில் படித்து முடித்தவனுக்குக் கிடைப்பது அந்தப் பள்ளியின் சான்றிதழ். பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒழுங்காக நடக்கும் பள்ளிகள் இதை மறைப்பதில்லை. ஆனால் நடுவில் நிற்கும் தரகன் இதைச் சொல்வானா? மாணவன் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவனுக்குக் கமிஷனாகப் போகிறது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் வயிற்றில் அல்லவா அடி விழும்?

சரி, வகுப்புக்குள் போய்ப் பார்ப்போம். முதல் நாள் ஒரு பரீட்சை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவன் இத்தாலிக்காரன், ஒருத்தி ஜப்பான்காரி, ஒருவன் சவூதிக்காரன், இன்னொருவன் துருக்கிக்காரன். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த அறையில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவர்தான் ஆசிரியர். மற்ற நேரமெல்லாம் இத்தாலிக்காரனும் ஜப்பான்காரியும் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். அதிலும் பயன் உண்டு. ஆனால் அதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்பதே கேள்வி.

மூன்று மாதக் கணக்கு

இப்போது கணக்குப் போடுவோம். தொழிலாளிக்குக் கணக்குப் போடத் தெரிந்தால் பாதி மோசடி அன்றோடு ஒழியும்.

இங்கிலீஷ் தேர்ச்சியை ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஏற்பாடு இது. ஆரம்பத்திலிருந்து நாலாவது படியாகிய பி-2 வரை ஏறுவதற்கு, ஆசிரியர் துணையோடு 500 முதல் 600 மணி நேரம் படிக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையே சொல்கிறது. நாம் சொல்வதல்ல, கடைக்காரர் வீட்டுக் கணக்கு!

மொழிப் பள்ளியின் சாதாரண வகுப்பு வாரத்துக்கு 15 மணி நேரம். மூன்று மாதம் என்றால் பன்னிரண்டு வாரம். 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 மணி. அதாவது மூன்று மாதத்தில் ஒரு படி ஏறலாம். "சரளமாகப் பேசலாம்" என்ற வாக்குறுதி என்ன ஆயிற்று? 600 மணி நேரம் படிக்க வேண்டுமானால் நாற்பது வாரம் வேண்டும்.

பேர் பெற்ற பள்ளிகளில் கட்டணம் வாரத்துக்கு 300 பவுண்டு அளவில் ஓடுகிறது. நாற்பது வாரத்துக்கு 12,000 பவுண்டு. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு லட்சம் ரூபாய்! இது படிப்புக்கு மட்டும். விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்கும் விவசாயத் தொழிலாளி ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் 2,400 நாள் வேலை செய்தால் அந்தப் பன்னிரண்டு லட்சம் சேரும். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைக்கும் என்று வைத்தால் எட்டு வருஷம். எந்த வயலில் ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைக்கிறது?

"அங்கே போய் ஓட்டலில் தட்டுக் கழுவியாவது சம்பாதித்துக்கொள்ளலாம்" என்பான் தரகன். பொய்! பிரிட்டனில் மொழிப் பள்ளிக்கு ஆறு மாதம் வரை விசிட்டராகப் போகலாம். ஆறு முதல் பதினொரு மாதம் வரை குறுகியகாலப் படிப்பு விசா உண்டு. இரண்டிலும் ஒரு மணி நேரம்கூடக் கூலி வேலை செய்ய அனுமதி இல்லை. பதினொரு மாத விசாவை அங்கிருந்தபடியே நீட்டிக்கவும் வழி இல்லை. மீறி வேலை செய்தால் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திருட்டுத்தனமாக வேலை செய்பவனுக்கு முதலாளி என்ன கூலி கொடுப்பான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தால்தான் வருமாம்!"

"ஆயிரம் சொன்னாலும், இங்கிலீஷ்காரன் வாயால் கேட்டால்தான் இங்கிலீஷ் வரும்" என்று சிலர் வாதாடுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1961-ல் ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் மக்கரேரேயில், காமன்வெல்த் நாடுகளின் இங்கிலீஷ் போதனை மாநாடு ஒன்று கூடியது. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்துகொண்டிருந்த காலம் அது. கொடி இறங்கினாலும் மொழி இறங்கக் கூடாது என்ற கவலை லண்டனுக்கு இருந்தது. இங்கிலீஷை இங்கிலீஷிலேயே நடத்த வேண்டும், தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், உள்ளூர் மொழியைக் கலந்தால் தரம் கெடும் என்பன போன்ற சித்தாந்தங்கள் அந்தக் காலத்துப் போதனையில் வேரூன்றின. 1992-ல் ராபர்ட் பிலிப்சன் என்ற அறிஞர் 'மொழி ஏகாதிபத்தியம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதி, இவை ஒவ்வொன்றும் ஆதாரமற்ற மூடநம்பிக்கை என்று எடுத்துக்காட்டினார். இந்த நம்பிக்கையால் யாருக்கு ஆதாயம் என்றும் கேட்டார். ஆசிரியர், புத்தகம், பரீட்சை மூன்றும் பிரிட்டனிலிருந்து வர வேண்டும் என்றால் ஆதாயம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

தறி நெய்யக் கற்றுக்கொள்ள, நெசவாளி வயிற்றில் பிறந்தவனிடம்தான் போக வேண்டும் என்று எவனும் சொல்வதில்லை. தொழிலைக் கற்று, அதைச் சொல்லிக் கொடுக்கவும் பழகியவனிடம் போனால் போதும். நம் ஊர்ப் பள்ளியில் தமிழ் பேசிக்கொண்டே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைக்கு, மாணவன் எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று தெரியும். ஏனென்றால் அவளும் அதே இடத்தில் தடுக்கியவள்தான்.

மெக்காலேயின் கல்லூரி

கேம்பிரிட்ஜுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1835-ல் இந்தியாவின் கல்வியைப் பற்றிக் குறிப்பு எழுதினானே மெக்காலே, அவன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்தவன். அந்தக் கல்லூரிக் கோயிலில் நியூட்டன் சிலை இருக்கும் அதே மண்டபத்தில் மெக்காலேயின் சிலையும் வீற்றிருக்கிறது. கோடிக்கணக்கான ஜனங்களுக்கும் ஆளும் வெள்ளையனுக்கும் இடையில் நிற்க ஒரு சின்னக் கூட்டத்தை இங்கிலீஷ் படிப்பால் தயார் செய்வதுதான் அவன் திட்டம். கூலிக்காரன் பிள்ளை அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை.

பிறகு 1858-ல் பல்கலைக்கழகம் பரீட்சை நடத்தும் இலாகாவைத் தொடங்கியது. 1860-களிலேயே அந்தப் பரீட்சை கடல் தாண்டி டிரினிடாட் போய்விட்டது. கரும்புத் தோட்டத்தில் நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகள் சாட்டையடி வாங்கிக்கொண்டிருந்த அதே டிரினிடாட்! இலங்கையிலும் மலேயாவிலும் 'சீனியர் கேம்பிரிட்ஜ்' தேறினவன் குமாஸ்தா ஆனான்; தேறாதவன் தோட்டத்தில் கிடந்தான். வேறு மொழிக்காரர்களுக்கென்று தனியாக ஓர் இங்கிலீஷ் தேர்ச்சிப் பரீட்சையை 1913-ல் ஏற்படுத்தினார்கள். பன்னிரண்டு மணி நேரப் பரீட்சை. எழுதியவர்கள் மூன்று பேர். மூவரும் பெயில்!

1934-ல் பிரிட்டிஷ் கவுன்சில் பிறந்தது. 1943 செப்டம்பரில், யுத்தத்தின் நடுவே, சர்ச்சில் அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரசங்கம் செய்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆக்டன் என்பவர் 850 வார்த்தைகளில் தயாரித்த எளிய இங்கிலீஷை அங்கே புகழ்ந்தார். பிறர் நாட்டைப் பிடுங்குவதைவிட இது ஆதாயமானது. இனி வரும் சாம்ராஜ்யங்கள் மனத்தின் சாம்ராஜ்யங்களே என்றார். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னதற்காக அவரை மெச்சலாம். அவர் அப்படிப் பேசிய நாளில் வங்காளத்தின் தெருக்களில் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் முப்பது லட்சம் வரை என்று கணக்கிடப்படுகிறது. மனத்தின் சாம்ராஜ்யம் பேசிய மகானுபாவரின் வயிற்றுச் சாம்ராஜ்யம் அப்படி இருந்தது.

வாசலில் சுங்கச்சாவடி

இன்றைக்குச் சாம்ராஜ்யம் இல்லை, சுங்கச்சாவடி இருக்கிறது. அதன் பெயர் ஐ.இ.எல்.டி.எஸ். 1989-ல் தொடங்கிய பரீட்சை. கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறை, பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. மூவரும் கூட்டுச் சொந்தக்காரர்கள். வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிற பெரும்பாலோர் இதையோ இதைப் போன்ற இன்னொன்றையோ தாண்டியாக வேண்டும். நம் நாட்டில் ஒரு முறை எழுதப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். மார்க்குக்கு ஆயுள் இரண்டே வருஷம். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுது, மறுபடி கட்டு! கற்ற மொழி இரண்டு வருஷத்தில் காலாவதியாகும் மருந்தா என்று கேட்காதீர்கள். சுங்கச்சாவடியில் நேற்றைய ரசீது இன்று செல்லாது.

ஒரு நர்ஸ் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வேலை செய்ய அவள் இந்தப் பரீட்சையை எழுதினால், ஒரு காலத்தில் நான்கு பிரிவிலும் 7 வாங்க வேண்டும் என்று இருந்தது. எழுத்துப் பிரிவில் 6.5 வாங்கிய நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த அனுபவசாலிகள் எல்லாம் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை என்ற கூக்குரல் எழுந்தது. 2018 கடைசியில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று இறக்கினார்கள். நோயாளியின் உயிர் ஒரே நாளில் மலிந்துவிட்டதா? இல்லை. உழைப்புச் சந்தையில் ஆள் தேவைப்பட்டது, தடுப்புக்கட்டை இறங்கியது. ஆள் வேண்டாம் என்றால் அது ஏறும்.

2021-ல் இன்னொன்று நடந்தது. இந்தியாவில் இந்தப் பரீட்சையை நடத்தும் தன் வியாபாரத்தைப் பிரிட்டிஷ் கவுன்சில் ஐ.டி.பி.க்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. வாங்கியது பங்குச் சந்தையில் விலை போகும் கம்பெனி. நிலத்தை விற்கவில்லை, ஆலையை விற்கவில்லை. நம் பிள்ளைகள் இனி வரும் ஆண்டுகளில் கட்டப்போகும் பரீட்சைப் பணத்தைத்தான் ஒரு கை இன்னொரு கைக்கு விற்றது. குத்தகைதாரனைக் கேட்காமல் குத்தகையை மாற்றிக்கொள்ளும் மிராசுதார் முறை நமக்குப் புதிதா?

2014-ல் நடந்த அநியாயம்

இந்த வாசலில் மாட்டிக்கொண்டவர்களின் கதையையும் கேளுங்கள். 2014-ல் லண்டன் தேர்வு மையம் ஒன்றில் ஆள் மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. அதை ஏற்பாடு செய்தவர்களில் சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் சர்க்கார் என்ன செய்தது? பரீட்சையை நடத்திய அமெரிக்க ஸ்தாபனமான ஈ.டி.எஸ்.ஸிடம் பட்டியல் கேட்டது. 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த அந்தப் பரீட்சைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சந்தேகத்துக்கு உரியவை என்று அந்த ஸ்தாபனம் கைகாட்டியது. நூற்றுக்கு 97! இப்படி ஒரு கணக்கைக் களத்துமேட்டில் கணக்கப்பிள்ளை சொன்னால் நாம் சிரிப்போம். அங்கே ஒரு சர்க்கார் அதை நம்பியது.

ஏறத்தாழ 34,000 மாணவர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் பிள்ளைகள் அவர்களில் ஏராளம். விசா பறிபோயிற்று, படிப்புப் பாதியில் நின்றது, கட்டிய பணமும் போயிற்று. சிலரை அதிகாலையில் கதவைத் தட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். தன் குரல் பதிவைக் கேட்டுப் பார்க்கக்கூட வாய்ப்பில்லாமல் பலர் வருஷக்கணக்கில் தவித்தார்கள். 2019-க்குள் 3,000-க்கும் மேற்பட்டோர் அப்பீலில் வென்றார்கள். குற்றமற்றவர்கள் சிக்கியிருக்கலாமா என்று பார்க்க உள்துறை தவறிவிட்டது என்று அந்த ஆண்டு பிரிட்டனின் தணிக்கை அலுவலகமே குறை சொன்னது. பெற்றோர் அடகு வைத்த நிலம் மட்டும் எந்த அப்பீலிலும் திரும்பவில்லை.

அங்கேயும் உழைப்பவன் இருக்கிறான்

இதைச் சொல்லும்போது கேம்பிரிட்ஜ் ஜனங்கள் மீது நமக்குப் பகை இல்லை. அந்த ஊரிலும் இரண்டு வர்க்கம் உண்டு. கல்லூரி அறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கை விரிக்கும் பெண்களுக்கு அங்கே 'பெட்டர்' என்று பெயர். 2018-ல் சென்டர் ஃபார் சிட்டீஸ் என்ற ஆய்வு நிலையம், பிரிட்டனிலேயே வருமான ஏற்றத்தாழ்வு அதிகமான நகரம் கேம்பிரிட்ஜ்தான் என்று அறிவித்தது. பிரிட்டனில் மொழிப் பள்ளி ஆசிரியர்களில் பலர் கோடைக்கால ஒப்பந்தக்காரர்கள். மாணவன் வந்தால் வேலை, வராவிட்டால் வேலை இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பிரிட்டனின் மொழிப் பள்ளிகளுக்கு வரும் மாணவர் கூட்டம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விழுந்தது. பல பள்ளிகள் மூடின. தெருவில் நின்றவர்கள் ஆசிரியர்கள்.

பக்கத்து நாடான அயர்லாந்தில் கதை இன்னும் பச்சை. டப்ளின் நகரின் மொழிப் பள்ளிகளுக்குப் பிரேசிலிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இருபத்தைந்து வாரப் படிப்பு. வாரம் 15 மணி வகுப்பு. வாரம் 20 மணி கூலி வேலைக்கு அனுமதி. படிக்க வந்தவன் ஓட்டல் பாத்திரம் கழுவுகிறான், ஆபீஸ் கூட்டுகிறான், மழையில் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறான். 2014, 2015 ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் திடீரென்று கதவை இழுத்துப் பூட்டின. முன்பணம் கட்டிய மாணவனும் சம்பளப் பாக்கி உள்ள ஆசிரியரும் ஒரே பூட்டின் முன் நின்றார்கள். அதன் பிறகு ஆசிரியர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். பூட்டிய ஆலை வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1381-ல் இங்கிலாந்தின் குடியானவர்கள் தலைவரியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அந்த ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் ஜனங்கள் பல்கலைக்கழகத்தின் பெட்டிகளை உடைத்து, சாசனங்களைக் கடைத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். மார்ஜரி ஸ்டார் என்ற கிழவி அந்தச் சாம்பலை அள்ளிக் காற்றில் தூற்றி, படித்த குருமாரின் கல்வி ஒழிக என்று கத்தினாளாம். அவள் ஏன் கத்தினாள்? படிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. படித்தவனின் வரியும் சலுகையும்தான் அவள் தலையில் விழுந்தன. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஊரின் ரொட்டி விலையையும் அளவையும் கண்காணிக்கும் அதிகாரத்தைக்கூடப் பறித்துப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்கள். அந்தக் கிழவியின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் நாம் கொளுத்த வரவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லோருக்கும் பங்கு போடச் சொல்கிறோம்.

மார்க்ஸும் லெனினும் எப்படிப் படித்தார்கள்?

"கம்யூனிஸ்டுகள் இங்கிலீஷே வேண்டாம் என்கிறார்கள்" என்று தரகர்கள் புரளி கிளப்புவார்கள். பதில் இதோ.

மார்க்ஸ் 1849-ல் லண்டனுக்கு அகதியாக வந்தபோது அவருக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுத வராது. நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்கு அவர் பெயரில் போன முதல் கட்டுரைகளை எங்கெல்ஸ்தான் எழுதியும் மொழிபெயர்த்தும் கொடுத்தார். 1853 தொடக்கத்தில் மார்க்ஸ் தாமே இங்கிலீஷில் எழுதத் தொடங்கிவிட்டார். எங்கெல்ஸோ, மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் குடிசைகளுக்குள் போய் அவர்கள் வாழ்க்கையை அறிந்தவர். 1845-ல் அவர் வெளியிட்ட நூலின் முகப்பில், பிரிட்டனின் தொழிலாளி வர்க்கத்துக்கு இங்கிலீஷிலேயே ஒரு கடிதம் எழுதினார்.

லெனினும் குருப்ஸ்காயாவும் சைபீரியாவில் நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில், தொழிற்சங்கங்களைப் பற்றிய பெரிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை ரஷ்ய மொழியில் பெயர்த்தார்கள். ஆனால் 1902-ல் லண்டனில் வந்து இறங்கியபோது ஜனங்கள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை! அவர்கள் என்ன செய்தார்கள்? ஹைடு பார்க்கில் மேடைப் பேச்சுக்களைக் கேட்டார்கள். ரஷ்ய மொழி கற்றுத்தருகிறோம், பதிலுக்கு இங்கிலீஷ் கற்றுத்தாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். கொடுக்கல் வாங்கல், நடுவில் தரகன் இல்லை.

கேம்பிரிட்ஜ் மொழிப் பள்ளிகளின் சரித்திரத்திலேயே இப்படி ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1955-ல் அங்கே பெல் பள்ளியைத் தொடங்கிய பிராங்க் பெல் என்பவர், யுத்தத்தில் ஜப்பானியரிடம் பிடிபட்டு போர்னியோவில் கைதியாக இருந்தவர். பசியும் நோயும் நிறைந்த அந்த முகாமில் கைதிகள் காவலர்களுக்குத் தெரியாமல் வகுப்பு நடத்தினார்கள். ஒருவருக்குத் தெரிந்த மொழியை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டணம் ஏது? கோபுரம் ஏது? கற்க விருப்பமும் கற்றுத்தரத் தோழனும் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. சிறைக்குள் வாசிப்பு வட்டம் நடத்தி, ஒருவரிடம் ஒருவர் பாடம் கேட்ட நம் இயக்கத்தின் மூத்தவர்களுக்கு இது புரியும்.

ஆக்ஸ்போர்டில் படித்த தோழர் பார்வதி கிருஷ்ணன் என்ன செய்தார்? அந்தப் படிப்பைக் கொண்டு வந்து கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் சங்கத்தில் சேர்த்தார். 1957-ல் கோவை ஜனங்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இங்கிலீஷ் ஆயுதம்தான். யார் கையில், யாருக்காக என்பதுதான் பிரச்னை.

நாம் கேட்பது

ஒன்று: சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றிலும் இங்கிலீஷைப் பேசவும் எழுதவும் கற்றுத்தரும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். காலி இடத்தை ஒப்பந்தக் கூலியால் நிரப்பாதே! பாடத்தின் பொருள் தாய்மொழியில் விளங்க வேண்டும். இங்கிலீஷ் ஒரு மொழியாகச் செம்மையாக வர வேண்டும்.

இரண்டு: வேலைக்காகப் பரீட்சை எழுதும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். நர்ஸ் வேண்டும் என்று கூப்பிடும் நாடு, அவளுடைய பரீட்சைச் செலவையும் கொடுக்கட்டும்.

மூன்று: வெளிநாட்டுப் படிப்புத் தரகர்கள் கமிஷன் எவ்வளவு, யாரிடமிருந்து என்று எழுத்தில் காட்ட வேண்டும். பொய் வாக்குறுதி கொடுத்தவனிடமிருந்து பணத்தை வாங்கித் தரச் சட்டம் வேண்டும்.

நான்கு: இது நம் கையில் இருப்பது. சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு தொடங்குங்கள். படித்த பிள்ளை ஒருவன் இருந்தால் போதும். இங்கிலீஷில் வரும் ஆலை நோட்டீஸையே முதல் பாடமாக வையுங்கள்.

அதுவரை, தரகன் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா? மூன்று மாதத்தில் எத்தனை மணி வகுப்பு? இந்த விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா? பள்ளி மூடினால் பணம் திரும்புமா, அதை எழுதிக் கையெழுத்துப் போடுவாயா? நான்காவது கேள்விக்கு முன்பே அவன் செருப்பைத் தேட ஆரம்பிப்பான்.

இங்கிலீஷ் எந்தக் கம்பெனியின் பட்டா நிலமும் அல்ல. மான்செஸ்டர் ஆலையில் நூல் நூற்றவனும், லண்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், தோட்டக்காட்டுக் கூலியும் பேசிப் பேசி வளர்த்த பாஷை அது. உழைத்தவன் வளர்த்த பாஷைக்கு உழைப்பவன் பிள்ளையிடம் சுங்கம் வசூலிக்க எவனுக்கும் உரிமை இல்லை.

நிலத்தை விற்காதீர்கள். பிள்ளையின் படிப்புக்காகப் போராடுங்கள்!